1944 குளிர்ல முன்னணியில ஒரு அமெரிக்க சிப்பாய் ஒரு நாளை எப்படி ஓட்டணும்

முதல்ல ஷூவ கழட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

நீங்க இப்ப இருக்குறது இரண்டாம் உலகப்போர், 1944 டிசம்பர் கடைசி, பெல்ஜியத்துல ஆர்டென்ஸ் காடு, சுத்தி ஊசியிலை மரம், தரையெல்லாம் பனி. நேத்து ராத்திரி லாரில கொண்டாந்து இறக்கிவிட்ட புது ஆளு நீங்க, ரீப்ளேஸ்மென்ட்னு சொல்லுவாங்க, யார் பேரும் தெரியாது, யாருக்கும் உங்க பேரும் தெரியாது. டிசம்பர் 16ஆம் தேதி ஜெர்மன் படை யாரும் எதிர்பாக்காத நேரத்துல இந்த காட்டு வழியா அடிச்சு உள்ள வந்துச்சு, அத பழையபடி பின்னாடி தள்ளி முடிக்க ஜனவரி 25 ஆச்சு, அமெரிக்க தரப்புல மட்டும் கிட்டத்தட்ட 19,000 பேர் செத்துப்போனாங்க. இந்த சண்டைய பத்தி எத படிச்சாலும் டாங்க் வரும், ஜெனரல் வருவாரு, மேப்புல அம்புக்குறி வரும். அந்த அம்புக்குறிக்குள்ள இருந்த ஒரு பையன் காலைல எந்திரிச்சு ராத்திரி வரைக்கும் என்னதான் பண்ணான்னு எழுதுறவங்க கம்மி. கதை எழுதுறவங்க, நாடகம் போடுறவங்க, ஸ்கூல்ல சரித்திரம் எடுக்குறவங்க, யாரா இருந்தாலும் அந்த பையனோட ஒரு நாளை சரியா சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, அதனால நீங்களே அவன்னு வச்சு சொல்றேன்.

ஷூவ கழட்டியாச்சா. ஒரு நேரத்துல ஒரு கால் மட்டும், ரெண்டையும் கழட்டி வச்சிட்டு உக்காந்திருக்கும்போது ஷெல், அதாவது பீரங்கி குண்டு, விழுந்தா வெறுங்காலோட பனில ஓடணும். உங்களோட அதே குழில இருக்குற இன்னொருத்தன் மடியில கால வைங்க, கூச்சப்படாதீங்க, அவன் உங்க கால நல்லா தேய்ச்சு சூடு பண்ணுவான், அப்புறம் நீங்க அவன் காலுக்கு அதையே பண்ணுவீங்க. துடைங்க, விரல் இடுக்குலயும் ஈரம் இருக்கக்கூடாது, காஞ்ச சாக்ஸ் போடுங்க. ஈரமான சாக்ஸ தூக்கி போட்டுடாதீங்க, பிழிஞ்சு சட்டைக்குள்ள வயித்தோட ஒட்டி வச்சுக்குங்க, உங்க உடம்பு சூட்டுல நாளைக்குள்ள ஓரளவு காஞ்சிடும். நெருப்பு மூட்டி காய வைக்கலாமேன்னு தோணும், பகல்ல புகை தெரியும் ராத்திரி வெளிச்சம் தெரியும், முன்வரிசைல நெருப்புக்கு அனுமதி கிடையாது. ஷூ லேசை இறுக்கி கட்டாதீங்க, ரத்தம் ஓடணும்.

இவ்ளோ சொல்றேன்னா காரணம் இருக்கு. ட்ரெஞ்ச் ஃபுட்னு ஒண்ணு, கால் உறைஞ்சாத்தான் வரும்னு இல்ல, ஈரமும் குளிரும் சேர்ந்து ஆடாம அசையாம ரெண்டு மூணு நாள் இருந்தாலே போதும். முதல்ல மரத்துப்போகும், வலிக்காது, அதனால பெருசா எடுத்துக்க மாட்டோம், அப்புறம் வீங்கி சிவந்து நீலமாகி கொப்புளம் போடும், ஒரு தடவை ஷூவ கழட்டுனா திரும்ப உள்ள போகாது, முத்திப்போனா அழுகி விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டியதுதான். அந்த நிலைக்கு போயிட்ட கால தேய்க்கவும் கூடாது, அவன நடக்கவும் விடக்கூடாது, தூக்கிட்டுத்தான் போகணும். அந்த ஒரு குளிர்காலத்துல ஐரோப்பாவுல மட்டும் 45,000க்கு மேல அமெரிக்க சிப்பாய்ங்க குளிர்ல கெட்ட காலோட ஆஸ்பத்திரிக்கு போனாங்க. ஒரு டிவிஷன்ல மொத்தம் 14,000 பேர்னாலும் துப்பாக்கி தூக்கிட்டு முன்னாடி நிக்கிற ரைபிள் கம்பெனிங்கிற படைப்பிரிவு 27 தான், ஒண்ணுக்கு 193 பேர், பெருக்கி பாருங்க, அஞ்சாயிரத்து சொச்சம்தான் வரும். கால் போனவங்க பெரும்பாலும் இவங்கதான். அப்ப எட்டு டிவிஷனோட முன்வரிசை மொத்தமும் எதிரி ஒரு குண்டு கூட போடாம காலியான கணக்கு. தண்ணி புகாத ஷூபேக்னு ஒண்ணு இருந்துச்சு, கீழ ரப்பர் மேல தோல், ஆனா வேணும்ங்கிற நேரத்துல முன்னாடி வந்து சேரல, பெட்ரோலுக்கும் குண்டுக்கும் முதலிடம் குடுத்து துணிமணிய பின்னாடி தள்ளிட்டாங்க. எனக்கு இத படிக்கிறப்பெல்லாம் மனசு ஆறாது. கடைசில பல யூனிட்ல கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிசு, ராத்திரி சாப்பாடு வர்ற ஜீப்புலயே ஆளுக்கு ஒரு ஜோடி காஞ்ச சாக்ஸும் அனுப்புறது, ஈரமானத வாங்கிட்டு போறது. அது ஒழுங்கா நடந்த இடத்துல கால் கேசு குறைஞ்சுது.

அடுத்தது குழி. ஃபாக்ஸ்ஹோல்னு சொல்றாங்களே அதுதான் உங்க வீடு, ரெண்டு பேருக்கு ஒண்ணு. மேல தரை கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும், உங்ககிட்ட இருக்குறது மடக்குற மம்பட்டி, 1943 மாடல், தகட்ட செங்குத்தா திருப்பி மரையை இறுக்குனா கொத்துற மாதிரி ஆகிடும், மேல் ஓட்டை அப்படித்தான் உடைக்கணும். சில இடத்துல டிஎன்டி வெடிமருந்து கட்டிய வச்சு மேல் தரைய வெடிச்சு உடைச்சாங்க, சின்ன கட்டியா இருந்தா போதும், அதுக்கு கீழ மண்ணு லேசா இருக்கும். நெஞ்சளவு ஆழம் போங்க. அடில ஊசியிலை கிளைய வெட்டிப்போட்டு கனமா பரப்புங்க, மேல ரெயின்கோட், அதுக்கு மேல ஒரு கம்பளி விரிச்சு இன்னொண்ண ரெண்டு பேரும் சேர்த்து போத்திக்கணும், அவன் உடம்பு சூடுதான் உங்களுக்கு ஹீட்டர்.

காட்டுக்குள்ள இருந்தா கூரை கட்டாம தூங்கவே தூங்காதீங்க. இது பக்கத்துல ஜெர்மனி எல்லைல இருக்குற ஹூர்ட்கன் காட்டுல ரத்தம் குடுத்து கத்துக்கிட்ட பாடம், அங்க செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் சண்டை, 33,000 அமெரிக்கர் செத்தோ காயம்பட்டோ நோயிலயோ விழுந்தாங்க. ஷெல் தரைக்கு வர்றதுக்கு முன்னாடியே மரத்து உச்சில பட்டு வெடிக்கும், இரும்புத்துண்டும் மரச்சிலாம்பும் மழை மாதிரி நேரா கீழ இறங்கும். ட்ரெயினிங்ல ஷெல் வந்தா குப்புற படுன்னு சொல்லிக்குடுத்திருப்பாங்க, இங்க குப்புற படுத்தா முதுகு முழுக்க காட்டுறீங்கன்னு அர்த்தம். குழிக்கு ஓட முடியலைன்னா மரத்தை கட்டிப்பிடிச்சு நேரா நில்லுங்க, மேல இருந்து பாத்தா ஹெல்மெட்டும் தோளும் மட்டும்தான் தெரியணும். குழிக்கு மேல கட்டைய வரிசையா அடுக்கி அதுக்கு மேல மண்ண போட்டு கிளையால மூடுங்க, நுழையுறதுக்கும் பாக்குறதுக்கும் மட்டும் இடம் விட்டா போதும். ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் ஆகும், கை கொப்பளிச்சுப்போகும், முடிச்சதும் சார்ஜென்ட் வந்து எல்லாரும் கிளம்புங்கன்னு சொல்லுவாரு, நூறு இருநூறு கெஜம் தள்ளி போய் மறுபடி முதல்ல இருந்து தோண்டணும். புலம்பாம தோண்டுங்க, ஏன்னா தோண்டாம அசதில படுத்தவங்கதான் காலைல எந்திரிக்காம போனாங்க.

காதை பழக்கணும். புது ஆளுங்க முதல் ரெண்டு மூணு நாள்ல சாகுறதுக்கு பெரிய காரணம் எந்த சத்தத்துக்கு படுக்கணும் எதுக்கு வேண்டாம்னு தெரியாததுதான். 88ங்கிற ஜெர்மன் பீரங்கி ஷெல் ரொம்ப வேகம், சத்தம் கேக்குறதுக்குள்ள வெடிச்சிருக்கும், மார்ட்டர் அனேகமா சத்தமே இல்லாம வரும், ராக்கெட் வந்தா பேய் அலறுற மாதிரி கேக்கும், அத ஸ்க்ரீமிங் மீமின்னு கூப்பிட்டாங்க. தலைக்கு மேல உயரத்துல சலசலன்னு போறது நம்ம பீரங்கியோடது, அதுக்கு படுக்க வேண்டாம். பழைய ஆளு பக்கத்துல இருந்து அவன் முகத்தையே பாருங்க, அவன் படுத்தா படுங்க.

ஆபீசர பாத்து சல்யூட் அடிக்காதீங்க, இது முக்கியம். மறைஞ்சிருந்து சுடுற ஸ்னைப்பருக்கு யார சுடணும்னு நீங்களே கைய நீட்டி காட்டுற மாதிரி ஆகிடும். அவரு பதவிப் பட்டையில சேறு பூசியிருப்பாரு இல்லன்னா கழட்டியே வச்சிருப்பாரு, ஹெல்மெட் பின்பக்கம் பாத்தா செங்குத்தா ஒரு வெள்ளைக்கோடு இருந்தா ஆபீசர், படுக்கையா இருந்தா சார்ஜென்ட், பின்னாடி வர்ற நம்ம ஆளுக்கு மட்டும் தெரியுற மாதிரி.

துப்பாக்கி எம்1 காரண்ட், எட்டு குண்டு கிளிப், நாலு கிலோவுக்கு மேல கனம். தினமும் சுத்தம் பண்ணணும், அதுல தவறவே கூடாது, ஆனா குளிர்ல எண்ணெய் நிறைய போடாதீங்க, கெட்டியாகி போல்ட் நகராது. துடைச்சிட்டு லேசா தடவுனா போதும், ராத்திரி காவல்ல இருக்கும்போது அப்பப்ப போல்ட்ட இழுத்து பாருங்க, அப்படியும் ஒட்டிக்கிச்சுன்னா கைப்பிடிய குதிகாலால உதைச்சு திறந்தவங்க உண்டு. துப்பாக்கிய போர்வைக்குள்ள வச்சு தூங்குங்க.

சாப்பாடு. கே-ரேஷன்னு மூணு அட்டைப்பெட்டி, காலை மதியம் ராத்திரின்னு, மூணும் சேர்த்து 2,800 கலோரி பக்கத்துல வரும், பனில நாள் முழுக்க தோண்டுற உடம்புக்கு அது பத்தாது. டப்பா இறைச்சியோ முட்டையோ சீஸோ ஒண்ணு, பிஸ்கட், காபித்தூள், சூப் கட்டி, சர்க்கரை, சூயிங்கம், நாலு சிகரெட். எலுமிச்சைத்தூள் ஒண்ணு இருக்கும், அது வயித்த அரிக்கிற புளிப்பு, பெரும்பாலானவங்க குடிக்காம பாத்திரம் தேய்க்க வச்சுக்கிட்டாங்க. இதுல தெரிஞ்சுக்க வேண்டிய வித்தை ஒண்ணு இருக்கு, உள்பெட்டில மெழுகு பூசியிருக்கும், அத குழிக்கு அடில வச்சு கொளுத்துனா புகை அவ்வளவா இல்லாம நின்னு எரியும், கேன்டீன் கப்புல பனிய அள்ளிப்போட்டு அதுமேல பிடிச்சா ஒரு கப்பு காபி சூடாகுற நேரம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ரெண்டு கையாலயும் அந்த கப்ப பிடிச்சு உக்காந்திருக்குற அஞ்சு நிமிஷம்தான் அன்னைக்கு பூரா உங்களுக்கு கிடைக்குற நல்ல நேரம், வெளிச்சம் வெளிய தெரியாம ரெயின்கோட்ட மேல இழுத்து மூடிக்குங்க. டி-ரேஷன் சாக்லேட் கட்டிய கடிக்க பாக்காதீங்க, பல்லு போயிடும், கத்தியால சுரண்டி தின்னுங்க, வேணும்னே ருசி கம்மியா செய்யச்சொல்லித்தான் ராணுவம் ஆர்டர் குடுத்துச்சு, ருசியா இருந்தா அவசரத்துக்கு வைக்காம தின்னு தீர்த்துடுவாங்கன்னு.

தண்ணி பாட்டில கோட்டுக்கு உள்ள வச்சுக்குங்க, வெளிய தொங்கவிட்டா ஐஸ் கட்டிதான். ஓடைத்தண்ணி பிடிச்சா அத சுத்தம் பண்ற ஹாலசோன் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்க. சூடான சாப்பாடு ராத்திரிதான் வரும், மார்மைட் கேன்னு சூடு போகாத பெரிய தூக்குல, அதுவும் ரோடு இருந்தா, ஷெல் விழாம இருந்தா. வந்தா எல்லாரும் ஒண்ணா போகாதீங்க, ஒரு குழிக்கு ஒருத்தன், அஞ்சு கெஜம் இடைவெளி விட்டு நின்னு வாங்கிட்டு வந்து மத்தவனுக்கும் குடுக்கணும். பகல்ல ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கும் குழிய விட்டு வெளிய போக முடியாது, காலி ரேஷன் பெட்டியோ டப்பாவோ வச்சுக்கிட்டு இருட்டுனதும் தூர போட்டுடுங்க. சொல்லவே சங்கடமா இருந்தாலும் இதுக்காக வெளிய போய் சுடப்பட்டவங்க இருக்காங்க.

ராத்திரின்னா அங்க டிசம்பர்ல பதினாறு மணி நேரம், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும், காலைல எட்டரை வரைக்கும் விடியாது. ஒருத்தன் தூங்கணும் ஒருத்தன் முழிச்சிருக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கணும், ஆனா குளிர் ரொம்ப அதிகமா இருந்தா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையே மாத்திக்குங்க, முழிச்சிருக்கிறவன் கண்ண மூடிட்டா ரெண்டு பேருமே போயிடலாம். ஒரே இடத்த உத்துப்பாக்காதீங்க, இருட்டுல ஒரு மரத்தையே பாத்துட்டிருந்தா அது நகர ஆரம்பிச்சிடும், பார்வைய கொஞ்சம் பக்கவாட்டுல மாத்திக்கிட்டே இருங்க. ராணுவ கம்பி போன்ல பேசினா குசுகுசுன்னு பேசுங்க. விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் எந்திரிச்சு துப்பாக்கியோட தயாரா நிக்கணும், தாக்குதல் வர்றதுக்கு அவங்களுக்கு பிடிச்ச நேரம் அது.

பாஸ்வேர்ட தினமும் மனப்பாடம் பண்ணுங்க, மறந்தா நம்ம ஆளே சுடுவான். அந்த டிசம்பர்ல ஜெர்மன்காரங்க அமெரிக்க யூனிஃபார்ம் போட்டு, அமெரிக்க ஜீப்புல, இங்கிலீஷ் பேசுற ஆளுங்கள உள்ள அனுப்பி வச்சாங்க, ஆளு கொஞ்சம்தான் ஆனா பயம் பெருசா பரவிடுச்சு, அதனால செக்போஸ்ட்ல பாஸ்வேர்ட் போதாம பேஸ்பால் பத்தி, சினிமா நடிகை புருஷன் பத்தியெல்லாம் கேள்வி கேட்டாங்க. ஜெனரல் பிராட்லியவே நிறுத்தி இல்லினாய் மாநிலத்தோட தலைநகரம் எதுன்னு கேட்டான் ஒருத்தன், அவரு ஸ்ப்ரிங்ஃபீல்டுன்னு சரியாத்தான் சொன்னாரு, அந்த பையன் சிகாகோன்னு நினைச்சிட்டிருந்தான், அப்புறம் எப்படியோ விட்டுட்டான்.

பேட்ரோல், அதாவது வேவு பாக்க, போகச்சொன்னா சத்தம் போடுற எல்லாத்தையும் கழட்டுங்க, கழுத்துல தொங்குற ரெண்டு டாக் டேகையும், அதாவது பேர் பொறிச்ச தகடையும், டேப் சுத்தி ஒட்டுங்க, கடுதாசி போட்டோ எதுவும் பையில வேண்டாம், பிடிபட்டா அதுலயிருந்து யூனிட் எதுன்னு தெரிஞ்சிடும். பனில போகணும்னா வெள்ளைத்துணி வேணும், ராணுவம் அத சமயத்துக்கு குடுக்கல, பாஸ்டோன் ஊர் ஜனங்க தங்களோட வீட்டு பெட்ஷீட்ட எடுத்து குடுத்தாங்க. முற்றுகைல மாட்டி தனக்கே போர்வை இல்லாத நேரத்துல குடுத்தாங்கன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைக்குது.

காயம்பட்டா மெடிக்னு கத்துங்க, முன்வரிசைல மருந்து கட்டுற ஆளு அவன். இடுப்பு பெல்ட்ல ஒரு கட்டுத்துணி இருக்கும், புண்ணு சீழ் பிடிக்காம இருக்க சல்ஃபா பவுடர் இருக்கும், எப்பவும் காயம்பட்டவனோட கட்டுத்துணியத்தான் எடுக்கணும், உங்களோடது உங்களுக்கு வேணும். மெடிக் வந்து வலி தெரியாம இருக்க மார்ஃபின் ஊசி போட்டா காயம்பட்டவன் காலர்ல காலி டியூப குத்தி வச்சிடுவான், பின்னாடி இருக்குற டாக்டர் மறுபடி போட்டுடக்கூடாதுன்னு. மார்ஃபின் டியூபையும் பிளாஸ்மா பாட்டிலையும் உறையாம தன் அக்குள்லயும் சட்டைக்குள்ளயும் வச்சு காப்பாத்துன மெடிக்குங்க எத்தனையோ பேர்.

இன்னொண்ணு, பக்கத்துல இருக்கிறவன் திடீர்னு பேசாம போயிட்டா, கை நடுங்கிட்டே இருந்தா, ஷெல் விழாத நேரத்துலயும் குழி மூலைல ஒடுங்கி உக்காந்தா, திட்டாதீங்க, கோழைன்னு சொல்லாதீங்க. ராணுவ மனநல டாக்டருங்களே கணக்கு போட்டு சொன்னாங்க, ஏறத்தாழ 200 நாள் சண்டைய பாத்த எவனா இருந்தாலும் உடைஞ்சிடுவான்னு. பின்னாடி இருக்குற பட்டாலியன் எய்ட் ஸ்டேஷனுக்கு, அதாவது முதலுதவி இடத்துக்கு, கூட்டிட்டு போங்க, அங்க ஒரு நீல மாத்திரை குடுத்து ரெண்டு நாள் தூங்க வைப்பாங்க, பீரங்கி பேரையே அதுக்கும் வச்சு ப்ளூ 88ன்னு கூப்பிட்டாங்க, சூடா சாப்பாடு குடுப்பாங்க, குளிக்க விடுவாங்க, நிறைய பேர் தெளிஞ்சு திரும்பி வந்தாங்க.

கடுதாசி எழுதுங்க, அதுக்கு நேரம் ஒதுக்குங்க. ஸ்டாம்ப் வேண்டாம், மேல வலது மூலைல ஃப்ரீன்னு எழுதுனா போதும். எங்க இருக்கீங்கன்னு எழுதாதீங்க, பெல்ஜியத்துல எங்கயோன்னு மட்டும் போடுங்க, உங்க கம்பெனி ஆபீசரே படிச்சு தப்பான வரிய வெட்டி எடுத்துட்டுத்தான் அனுப்புவாரு, அதனால அம்மாகிட்ட சொல்ற விஷயத்த அவரும் படிப்பாருன்னு தெரிஞ்சே எழுதணும். பென்சில்ல எழுதுங்க, மை உறைஞ்சிடும். வர்ற கடுதாசிக்கு பொறுமை வேணும், அந்த குளிர்ல லட்சக்கணக்கான தபாலும் கிறிஸ்துமஸ் பார்சலும் இங்கிலாந்துல பர்மிங்காம் கிடங்குகள்ல குவிஞ்சு கிடந்துச்சு. 1945 பிப்ரவரில மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமைல 6888ஆவது தபால் பட்டாலியன் வந்துச்சு, 855 பேர், கருப்பினப் பெண்கள் மட்டுமே, கிடங்குல சூடு இல்ல, எலி கடிச்ச பார்சல், ஒரே பேர்ல ஆயிரக்கணக்கான சிப்பாய்ங்க, மூணு ஷிப்ட் போட்டு, ஆறு மாசம் ஆகும்னு சொன்ன குவியல மூணே மாசத்துல பிரிச்சு அனுப்பினாங்க. அவங்க பிரிச்ச தபால்ல ஒரு பங்கு திரும்பி போகவேண்டியதா இருந்துச்சு, வாங்க வேண்டிய ஆளு உயிரோட இல்ல.

உங்க குழில இருந்தவன் செத்துட்டா செய்ய வேண்டியது இது. அவனோட ரெண்டு டாக் டேகும் உடம்போட இருக்கான்னு பாருங்க, பேர் தெரியாம புதைக்கப்படக்கூடாது. கம்பளியால மூடுங்க. அவன் பையில இருக்குற பர்ஸ், போட்டோ, வாட்ச், பாதி எழுதுன கடுதாசி, எல்லாம் பின்னாடி கன்சாஸ் சிட்டில இருக்குற ராணுவ ஆபீஸ் வழியா வீட்டுக்குத்தான் போகும், அவங்க அம்மா பாத்தா வேதனைப்படுற மாதிரி ஏதாவது இருந்தா இப்பவே எடுத்துடுங்க, அங்கயும் ரத்தக்கறைய துடைச்சுத்தான் அனுப்புவாங்க. ரேஷன், குண்டு, கையுறை, சட்டைக்குள்ள அவன் காய வச்சிருந்த சாக்ஸ், இதையெல்லாம் நீங்க எடுத்துக்கலாம், அதுல தப்பு இல்ல, அவனும் அதையேதான் பண்ணியிருப்பான்.

இருட்டுனதும் ஜீப் வரும், அதுல ஒரு புதுப்பையன் இறங்குவான், உங்க குழிய காட்டி போன்னு சொல்லுவாங்க. பேர கேளுங்க, ஊர கேளுங்க. எத்தன ஜோடி சாக்ஸ் வச்சிருக்கன்னு கேளுங்க. அப்புறம் ஷூவ கழட்ட சொல்லி அவன் கால உங்க மடியில எடுத்து வச்சுக்குங்க.